ஒரு சிற்றூரும் அதன் ரக்பி கழகமும்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. நம் நகரத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளிக் கோப்பை ஒன்றுக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ரக்பி மைதானத்தில் மோதிக் கொள்கின்றன. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கே வெள்ளைக்காரர்கள் தமக்குள் ஒரு ரக்பி ஆட்டம் ஆடினார்கள். அடுத்த மாதமே கழகம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஆட்டக்காரர்களைத் தந்துவந்த ராணுவப் படை வேறிடம் மாற்றப்பட்டது. கழகத்தில் இலவசமாக ஊற்றிக் கொடுத்த மது நின்றது. அதோடு உறுப்பினர்களும் கரைந்தார்கள். எஞ்சியவர்கள் வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் ஒரு யானையும் வைத்துக் கோப்பை செய்து, 1878இல் இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். கழகம் ஐந்தாறு ஆண்டுகள்தான் இருந்தது. கோப்பை இன்றும் இருக்கிறது.

ஒரு கழகம் எதனால் உயிர் வாழ்கிறது, எதனால் சாகிறது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. ரயில்வேயில் பாதை, பாலம் என்று காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். விளையாட்டு வீரன் அல்லன். ஓய்வுக்குப் பிறகு படிக்க நேரம் கிடைத்தபோது, இந்தக் கேள்விக்கு நல்ல பாடமாக எனக்கு அகப்பட்டது பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள காஸ்த்ர் என்னும் ஊர். எழுத்தில் கடைசியில் ஓர் 'எஸ்' உண்டு, வாயில் வராது. மக்கள் தொகை ஏறத்தாழ 42,000. நம் ஊரில் அதை நகராட்சி என்றுகூட மதிக்க யோசிப்பார்கள். அந்த ஊரின் தொழில்முறை ரக்பி கழகமான காஸ்த்ர் ஒலிம்பிக், பாரிஸ், தூலூஸ், லியோன் போன்ற மாநகரங்களின் கழகங்களை எதிர்த்து ஆடி, ஐந்து முறை பிரான்ஸின் சாம்பியன் ஆகியிருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. ரக்பி யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். பந்து முட்டை வடிவம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை அழுத்தினால் அது 'ட்ரை', 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மேலும் 2. எதிரணி செய்த தவறுக்குக் கிடைக்கும் உதைக்கு 3. ஓடும் ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் விழவிட்டு, எழும்பும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் அதற்கும் 3. அதன் பெயர் 'டிராப்'. ஆளைப் பிடித்து மடக்குவதைப் பார்த்தால் சடுகுடு ஆடியவர்களுக்கு ரத்தம் சூடாகும். இந்தப் புள்ளிக் கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காஸ்த்ர் தூலூஸிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 75 கி.மீ. கிழக்கே, தார்ன் மாவட்டத்தில், அகூ என்ற ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறது. ஆற்றையொட்டி நிற்கும் பழைய வீடுகள் ஒரு காலத்தில் தோல் பதனிடுவோரும் நெசவாளரும் இருந்தவை. பிரெஞ்சு சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ஜோரெஸ் 1859இல் இங்கேதான் பிறந்தார். ரயில்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூலூஸிலிருந்து வரும் பாதை சான் சுல்பீஸ் என்ற இடத்துக்குப் பிறகு ஒற்றைப் பாதை, மின்மயமும் ஆகவில்லை. எதிர்வண்டிக்காக நின்று நின்று டீசல் வண்டி போகும். உலகமெங்கும் அதிவேக ரயிலுக்குப் பெயர்போன நாட்டில் இப்படியும் ஒரு கிளைப்பாதை. ஊர் எவ்வளவு ஒதுங்கிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிரான்ஸுக்கு ரக்பியைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1872இல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் தொடங்கியது. பிறகு ஒயின் வணிகத்துக்காக போர்தோவில் வந்து தங்கியவர்கள் மூலம் தென்மேற்கில் வேரூன்றியது. 1892இல் நடந்த முதல் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவர், பின்னாளில் ஒலிம்பிக் போட்டிகளுக்கு உயிரூட்டிய பியர் த கூபெர்த்தான். வெல்லும் அணிக்குத் தரப்படும் பரிசு கோப்பை அல்ல, மரப்பலகையில் பொருத்திய ஒரு கேடயம். அதைச் செதுக்கிய சார்ல் பிரென்னஸின் பெயரால் பிரென்னஸ் கேடயம் என்பார்கள். தென்மேற்கு பிரான்ஸின் சிற்றூர்களில் அந்தக் கேடயம் ஒருமுறை வந்துபோனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு.

காஸ்த்ர் கழகம் 1906இல், ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர்களால் தொடங்கப்பட்டது. முதலில் அது ஊரின் பொது விளையாட்டுச் சங்கத்தின் நிழலில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு தனியாக நின்றது. 1920களில் முதல் பிரிவுக்கு ஏறியது.

அந்தக் காலத்தில் ரக்பியில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது, ஏட்டில் மட்டும். நடைமுறையில் ஒரு நல்ல ஆட்டக்காரனுக்கு ஆலையில் ஒரு வேலை, கடை வைக்க ஓர் இடம் என்று ஊர் முதலாளி ஏதாவது செய்து கொடுப்பார். இதன் உச்சத்தைக் கண்டது கியான் என்ற ஊர். ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் ழான் பூரெல் என்பவர் தொப்பி ஆலை வைத்திருந்தார். தம் தொப்பிக்கு விளம்பரமாகட்டும் என்று பெர்பிஞான் நகரத்தின் ஆட்டக்காரர்களை இழுத்து வந்து அணி கட்டினார். 1928, 1929, 1930 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டம், 1929இல் சாம்பியன். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தொப்பி அணியும் வழக்கமும் குறையலாயிற்று. கியான் அணி திரும்பி எழவே இல்லை. இப்படிப்பட்ட மறைமுகப் பணமும் மைதானத்து அடிதடியும் சேர்ந்து, 1931இல் பிரிட்டனின் யூனியன்கள் பிரான்ஸோடு ஆடுவதையே நிறுத்திக் கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947இல்தான் ஐந்து நாடுகள் போட்டியில் பிரான்ஸ் மீண்டும் இடம் பெற்றது.

காஸ்த்ரின் முதல் பொற்காலம் அதற்குப் பின் வந்தது. 1948இல் லூர்து அணியை வென்று பிரெஞ்சுக் கோப்பை. 1949 இறுதியாட்டத்தில் மோன் த மார்சான் அணியோடு 3-3 என்று சமநிலை. மறுபடி ஆடச் சொன்னார்கள், 14-3 என்று காஸ்த்ர் வென்றது. 1950இல் பாரிஸின் ராசிங் கழகத்தை 11-8 என்று தோற்கடித்து மீண்டும் கேடயம். மூன்று ஆண்டில் மூன்று வெற்றி. அதன்பிறகு? நாற்பது ஆண்டுகளுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 1980களில் கழகம் இரண்டாம் தரமான 'பி' பிரிவில் கிடந்தது.

இங்கே காஸ்த்ரை விட்டுவிட்டு 20 கி.மீ. தொலைவில் உள்ள மசமே என்ற ஊரைப் பார்ப்பது நல்லது. அந்தக் கிளைப்பாதையில் அதுதான் கடைசி ஸ்டேஷன். அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா போன்ற தூர தேசங்களிலிருந்து கப்பலில் வரும் ஆட்டுத்தோலிலிருந்து கம்பளி மயிரைப் பிரித்தெடுப்பது அவ்வூர்த் தொழில். அதில் உலகத் தலைநகரம் என்றே பேர். மயிர் நெசவாலைக்கு, தோல் பதனிடும் ஆலைக்கு. அந்தச் செழிப்பில் ரக்பியும் செழித்தது. 1958இல் மசமே அணி பிரெஞ்சு சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் வரை வந்து லூர்திடம் தோற்றது. அதே ஆண்டு பிரான்ஸ் அணி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று அவர்கள் மண்ணிலேயே தொடரை வென்றபோது தலைமை வகித்த லூசியன் மியாஸ் மசமே கழகத்துக்காரர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளித் தொழில் படுத்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ரக்பி கழகமும் படிப்படியாகக் கீழே இறங்கித் தொழில்முறை ஆட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

வேளாங்கண்ணிக்கு அடுத்தபடி நம்மவர்கள் வாயில் அடிக்கடி வரும் லூர்து நகரின் கதையும் அதுவே. 1948 முதல் 1968 வரை எட்டுமுறை சாம்பியன் ஆன ஊர் அது. யாத்திரிகர் கூட்டம் குறையவில்லை. ஆனால் கழகம் இன்று அமெச்சூர் மட்டத்தில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நான் இளைஞனாகப் பணிபுரிந்த ஒரு ரயில்வே காலனி ஞாபகம் வந்தது. நீராவி எஞ்சின் ஷெட் இருந்தவரை கால்பந்து அணி இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நிற்க இடம் இருக்காது. ஷெட் மூடிய இரண்டாம் வருஷம் கோல் கம்பத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். ஊருக்கு ஒரே தொழில், அத்தொழிலுக்கு ஒரு கழகம் என்றால், முதலாவது விழும்போது இரண்டாவது தனியாக நிற்பதில்லை.

காஸ்த்ரிலும் நெசவு விழுந்தது. பின் அந்தக் கழகம் மட்டும் எப்படிப் பிழைத்தது?

பியர் ஃபாப்ர் என்ற மருந்துக் கடைக்காரர் காரணம். 1926இல் காஸ்த்ரில் பிறந்தவர். 1951இல் ஊர் நடுவே மருந்துக் கடை வைத்தார். காட்டில் முளைக்கும் ஒரு புதர்ச்செடியின் வேரிலிருந்து கால் நரம்புப் புடைப்புக்கு ஒரு மருந்து தயாரித்தார். 1962இல் அதையே மூலதனமாகக் கொண்டு ஆய்வுக்கூடமும் ஆலையும் தொடங்கினார். அவேன், க்ளோரான், துக்ரே என்று இன்று பல நாட்டு மருந்துக் கடைகளில் உள்ள தோல், கேசப் பராமரிப்புப் பொருள்கள் அந்த நிறுவனத்தவை. நிறுவனம் வளர்ந்த பிறகும் அவர் தலைமையகத்தைப் பாரிஸுக்குக் கொண்டுபோகவில்லை. காஸ்த்ரிலேயே இருந்தார்.

அந்த நிறுவனத்தின் மருந்துகளில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் வினோரெல்பின் என்பது அது. பியர் போத்தியே என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் குழு கண்டுபிடித்ததை இந்நிறுவனம் மருந்தாக்கியது. அதற்கு மூலச்செடி எது தெரியுமா? நம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் நித்தியகல்யாணி. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இதை மருந்து ஏற்றுமதிக்கென்றே பயிர் செய்கிறார்கள். நாம் மிதித்துப் போகும் செடி ஒன்று, எங்கோ ஒரு ஊரின் ஆலை விளக்கு அணையாமல் இருக்கத் துணைசெய்திருக்கிறது.

1980களின் இறுதியில் பியர் ஃபாப்ர் ரக்பி கழகத்துக்குப் பணம் போடத் தொடங்கினார். தனிப்பட்ட ஆர்வத்தைவிட ஒரு கணக்கு இதில் உண்டு என்பது என் அபிப்பிராயம். ஒதுங்கிய ஊருக்கு விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் குடும்பத்தோடு வரவழைக்க வேண்டுமானால் ஊருக்கு ஒரு பெயர் வேண்டும். சனிக்கிழமை மாலைக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும். எதுவானாலும், 1989இல் காஸ்த்ர் 'பி' பிரிவின் சாம்பியனாகி மேலே வந்தது. அன்று ஏறியது அதன்பிறகு இறங்கவே இல்லை.

நான்கே ஆண்டுகளில், 1993 ஜூனில், பாரிஸில் இறுதியாட்டம். எதிரில் கிரெனோபிள். காஸ்த்ர் அணியில் நியூசிலாந்தின் முன்னாள் கேப்டன் கேரி வெட்டன் ஆடினார். எல்லைக் கோட்டுக்கு அப்பால் உருண்ட பந்தை முதலில் கிரெனோபிள் அணியின் பிராங்க் உபெர் கைவைத்து அழுத்தினார். அப்படியானால் ட்ரை கிடையாது. அவருக்குப் பிறகு வெட்டன் கை வைத்தார். நடுவர் தானியேல் சால் ட்ரை என்று விசில் ஊதினார். ஆட்டம் 14-11 என்று முடிந்தது. வித்தியாசம் 3 புள்ளி, ட்ரைக்கு 5 புள்ளி. மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நடுவரே அது தவறான தீர்ப்பு என்று ஒப்புக் கொண்டார். கிரெனோபிளில் இன்றும் அந்த ஆண்டைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். காஸ்த்ர்காரர்கள் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கொடுக்க மாட்டார்கள்.

1995 ஆகஸ்டில் சர்வதேச ரக்பி அமைப்பு அமெச்சூர் விதியை நீக்கியது. இனி வெளிப்படையாகச் சம்பளம். பிரான்ஸில் 1998இல் தொழில்முறைக் கழகங்களுக்கென்று தனி லீக் அமைந்தது. முதல் பிரிவில் பல பத்துக் கழகங்கள் ஆடிய காலம் போய், படிப்படியாகச் சுருக்கி, 2005 முதல் 14 கழகங்கள் மட்டும். ஒவ்வொன்றும் மற்ற 13 கழகங்களோடு இரண்டுமுறை ஆடி மொத்தம் 26 ஆட்டம். முதல் ஆறு இடத்தவர் நாக்-அவுட் சுற்றுக்குப் போவார்கள். இந்தச் சுருக்கலில்தான் சிற்றூர்க் கழகங்கள் பல வெளியே விழுந்தன. நாற்பதாயிரம் பேர் உள்ள ஊரில் ஏறத்தாழ 12,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை நிரப்புவதென்றால், ஊரில் கால்வாசிக்கு மேல் வர வேண்டும். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள்.

சிற்றூர்களுக்கு இரண்டு ஏற்பாடுகள் துணை நின்றன. ஒன்று, கழகங்களின் கணக்கை ஆண்டுதோறும் சோதித்து, பணமில்லாமல் ஒப்பந்தம் போட்ட கழகத்தைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளவும் அதிகாரம் உள்ள ஒரு குழு. ரயில்வே ஆடிட்டைக் கண்டு நடுங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். மற்றொன்று, சம்பளத் தொகைக்கு 2010இல் கொண்டுவந்த உச்சவரம்பு. எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் ஓர் அணிக்கு ஏறத்தாழ 1 கோடி யூரோவுக்கு மேல் சம்பளம் கொடுக்க முடியாது. சர்வதேச ஆட்டக்காரர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. வரம்பைச் சுற்றிப்போக வழி தேடியவர்களும் உண்டு. அது வேறு கதை.

ஐரோப்பியப் போட்டிகளில் காஸ்த்ரின் கை ஓங்கியதில்லை. 2002இல் அரையிறுதி வரை போய் அயர்லாந்தின் மன்ஸ்டரிடம் தோற்றது. 2003இல் மூன்றாம் தரப் போட்டி ஒன்றை வென்றது. ஆட்டக்காரர் எண்ணிக்கை குறைந்த கழகம் இரண்டு முனையிலும் போரிட முடியாது. உள்ளூர்க் கேடயம்தான் அவர்களுக்குப் பெரிது.

2013 ஜூன் 1. எதிரில் தூலோன். சில நாட்களுக்கு முன்புதான் ஐரோப்பாவின் சாம்பியன் ஆகிய அணி, இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் முதலிய உலக நட்சத்திரங்களைக் கொண்டது. காஸ்த்ரின் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ரோரி காக்காட் இடைவேளைக்கு முன் ஒரு ட்ரை போட்டார். ரெமி தாலெஸ் இரண்டு டிராப் அடித்தார். 19-14. மறுநாள் கேடயம் காஸ்த்ருக்கு வந்தது. ஏழு வாரம் கழித்து, ஜூலை 20ஆம் தேதி, 87 வயதில் பியர் ஃபாப்ர் காலமானார்.

கழகம் முடிந்தது என்று பலர் எண்ணியிருப்பார்கள். கியான் தொப்பி முதலாளியின் கதையை அறிந்தவர்கள் அப்படி எண்ணுவது இயல்பு. நம் சங்கங்களிலும் ஒருவர் தோளிலேயே பொங்கல் விழா முதல் நூலகம் வரை நிற்பதையும், அவர் மாற்றலாகிப் போனதும் பூட்டுத் தொங்குவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் பியர் ஃபாப்ருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் முன்யோசனையாகத் தம் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைத் தாமே அமைத்த அறக்கட்டளைக்கு மாற்றியிருந்தார். 1999இலேயே பொதுநல அமைப்பாக அரசின் அங்கீகாரம் பெற்றது அது. எனவே நிறுவனத்தை வெளியார் வாங்கிக்கொண்டு போக வழியில்லை. தலைமையகம் காஸ்த்ரை விட்டு நகரவில்லை. நிறுவனம் கழகத்தையும் கைவிடவில்லை. 2017இல் ஸ்டேடியத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

அடுத்த வெற்றிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பயிற்சியாளர் கிறிஸ்தோஃப் யூரியோஸ், 1993 அணியில் ஆடியவர். இடையில் ஒயோனா என்ற, காஸ்த்ரைவிடவும் சிறிய, சீப்பும் பிளாஸ்டிக்கும் செய்கிற மலையூரின் கழகத்தை 2013இல் முதல் பிரிவுக்கு ஏற்றிக் காட்டியவர். 2018இல் காஸ்த்ர் 26 ஆட்டங்களின் முடிவில் ஆறாம் இடம். அதாவது கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டு ஏறியது. முதல் சுற்றில் தூலூஸுக்கே போய் தூலூஸை வென்றது. அரையிறுதியில் பாரிஸின் ராசிங் அணியை வென்றது. இறுதியில், பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த மோன்பெலியேயை 29-13 என்று தோற்கடித்தது. ஆறாம் இடத்திலிருந்து எவரும் அதற்கு முன் சாம்பியன் ஆனதில்லை. 2022இல் நேர்மாறாக நடந்தது. காஸ்த்ர் பட்டியலில் முதலிடம் பெற்று, இறுதியாட்டத்தில் அதே மோன்பெலியேயிடம் 10-29 என்று தோற்றது.

ஊருக்கு இன்னும் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. தூலூஸுக்கும் காஸ்த்ருக்கும் நடுவே 53 கி.மீ. விரைவுச் சாலை வேண்டும் என்று மருந்து நிறுவனமும் ஊர்ப் பெரியவர்களும் பல ஆண்டுகள் கேட்டார்கள். வயலும் மரங்களும் அழியும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மரத்தில் ஏறி அமர்ந்து எதிர்த்தார்கள். 2023இல் வேலை தொடங்கியது. 2025 பிப்ரவரியில் தூலூஸ் நிர்வாக நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. வேலை பாதியில் நின்றது. மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைக்க, மறுபடி மண் அள்ளும் எந்திரங்கள் வந்தன. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த ஒற்றைப் பாதையை இரட்டையாக்கி மின்கம்பி இழுத்திருக்கலாம் என்பேன்; ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.